மழையை வழியனுப்பக் கூடாது

லிசூங்கா கரை
செப்டம்பர் 9

அன்புள்ள தம்பி லிம்பிகானி,

நீ நலம் என்றால் நானும் நலம். உன் மச்சான் ஜைலோசி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். சோம்பாவில் ஷூ போட்டுப் பழகிவிட்டான், இனிமேல் ஏரிக்கரைக்கு வந்தால் மச்சினனை நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்க வேண்டும் என்கிறார்.

பயிற்சி முடிந்து வந்துவிட்டேன். இனி சின்னப்பிள்ளைகள் வகுப்பு என்றால் உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக் கஞ்சி ஊற்றி அனுப்புவது இல்லையாம். செப்டம்பரில் இருந்து ஜூன் வரை, வருஷம் முழுவதற்கும் திட்டம் எழுத வேண்டும். மாதத்துக்கு ஒரு கருப்பொருள். அந்த மாதம் பாட்டு, கதை, எண்ணுவது, களிமண் எல்லாம் அதைச் சுற்றியே நடக்கும். மாதம் முடிந்ததும் சுவரில் ஒட்டியதையெல்லாம் கழற்றி, அந்தப் பொருளுக்கு வழியனுப்பும் பாட்டுப் பாடி முடித்துவிட வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் மனதில் அடுத்ததற்கு இடம் இருக்குமாம்.

பயிற்சியில் கொடுத்த மாதிரித் திட்டத்தில் ஒரு மாதம் பனிக்கட்டி, ஒரு மாதம் ரயில். ரயிலை இங்கே யார் பார்த்தது? வாசலைத் தாண்டினால் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிகிற பொருளை மட்டும்தான் எடுப்பேன் என்று முடிவு பண்ணிவிட்டேன். செப்டம்பருக்குக் காற்று. டிசம்பருக்கு மழை, ஜனவரிக்குச் சோளம், பிப்ரவரிக்குப் படகு, மார்ச்சுக்கு மீன். மற்ற மாதங்கள் பாக்கி. ஏரி எப்போது நிறையும், மீன் எப்போது அதிகம் என்று உன் அலுவலகத்து நீர் அளவுகளைப் பார்த்து எழுது.

மே மாதக் கடைசியில் மாவட்ட அலுவலர் வருவார். அன்றைக்கு வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தால் அடுத்த வருஷமும் கஞ்சி மாவு வரும். குறைந்தால் நிறுத்திவிடுவார்கள். இப்போது முப்பத்தொரு பேர், பயமில்லை. ஆனால் பலருக்கு அதுதான் பகல் சாப்பாடு, உனக்குத் தெரியாததா. ஃபலேசி என்று நாலு வயதுக்காரி ஒருத்தி. நேற்று கிண்ணத்தை வழித்துவிட்டு, "டீச்சர், நான் ரெண்டு பேருன்னு எழுதிக்கோ" என்றாள்.

செல்போன் டவர் விழுந்தது விழுந்தபடிதான் கிடக்கிறது. மீன் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இருமலை விட்டுவைக்காதே.

உன் அக்கா,
எனிஃபா

⁂

சோம்பா
செப்டம்பர் 17

அக்கா,

நீ நலம் என்றால் நானும் நலம். இருமல் போய்விட்டது. மச்சானிடம் சொல், என்னைத் தூக்க வேண்டி வராது. சேறு இருக்கும், தண்ணீர்தான் இருக்காது.

உன் திட்டம் தப்பு. இரண்டு வருஷமாக மழை சரியில்லை. ஏரிக்கு வருகிற ஆறுகள் எல்லாவற்றிலும் நான்தான் அளவு எடுக்கிறேன். கிறிஸ்துமஸுக்குள் படகு தரைதட்டும். நீ மார்ச்சில் மீன் மாதம் வைத்தால் பிள்ளைகளுக்குக் காட்ட நீ வரைந்த மீன்தான் இருக்கும். நீ மீன் வரைந்தால் தவளை மாதிரி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எது முதலில் போகுமோ அதை முதலில் நடத்து. அக்டோபர் மீன். நவம்பர் படகு. டிசம்பரில் மழை இருக்கட்டும், என்ன பெய்கிறதோ அதை வைத்துச் சமாளி. ஓடிப்போகாத பொருள்களைப் பின்னால் தள்ளு: உடம்பு, குடும்பம், வீடு. வேலைகளை இப்படித்தான் வரிசை போட வேண்டும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இந்த ஏரி வற்றுவது புதிதும் இல்லை, வற்றும், பிறகு நிறையும். அதற்குச் சில வருஷம் ஆகும், அவ்வளவுதான். ஊரில் இப்போது எதுவும் சொல்லாதே. அலுவலகம் அறிவிப்பதற்குள் அளவுகள் வெளியே போனால் என் வேலை போகும்.

எலும்பு தெரிகிற மாதிரி இளைக்காதே, சாப்பிடு.

லிம்பிகானி

⁂

லிசூங்கா கரை
அக்டோபர் 31

அன்புள்ள தம்பி,

நீ நலம் என்றால் நானும் நலம். ஜைலோசி வலையைப் பழுதுபார்த்துக்கொண்டே, உனக்குச் சோம்பாவில் பெண் பார்த்தாகிவிட்டதா என்று கேட்கிறார்.

நீ சொன்ன வரிசையிலேயே போகிறேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காற்று மாதத்தில் பிளாஸ்டிக் பையில் பட்டம் செய்து விட்டோம். மீன் மாதத்தைப் பற்றி எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஒரு பெண் பிள்ளை கெளுத்தியின் மீசையைப் பிடித்து, "இது எங்க மாமா" என்றாள், வகுப்பே சிரித்து உருண்டது. பொடிமீனைப் பத்துப் பத்தாக எண்ணினார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. என்னவென்று பார்த்தால், எண்ணி முடித்த குவியலில் இருந்து ஃபலேசி தின்றுகொண்டிருக்கிறாள்.

இன்று வழியனுப்பு. சுவரில் இருந்த மீன்களையெல்லாம் கூடையில் போட்டு, வரிசையாகக் கரைக்கு நடந்து, "போய் வா மீனே, போய் வா" என்று பாடினோம். துணி துவைத்த பெண்கள் கை தட்டினார்கள். இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் நான் டீச்சர் மாதிரி இருந்தேன்.

நீதான் வரிசையைச் சரி பண்ணினாய். அதற்கு நன்றி. குளிர்ந்த நீரில் குளிக்காதே.

எனிஃபா

⁂

சோம்பா
நவம்பர் 14

அக்கா,

நலம்தானே. நானும் நலம். நான் சொன்னேன் இல்லையா, வரிசை சரியாக இருந்தால் எல்லாம் நடக்கும். போன மாதத்தைவிட அளவு இன்னும் இறங்கிவிட்டது, நான் நினைத்ததைவிட வேகம். படகு மாதத்தை நீட்டாதே, சீக்கிரம் முடி.

பெண் பார்க்கவில்லை என்று மச்சானிடம் சொல்.

லிம்பிகானி

⁂

லிசூங்கா கரை
டிசம்பர் 8

அன்புள்ள தம்பி,

நீ நலம் என்றால் நானும் நலம். ஜைலோசி கூட்டாளிகளோடு வடக்கே பெரிய ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார். கிறிஸ்துமஸ் கழித்து வருவார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

காற்றை நாங்கள் வழியனுப்பிய வாரமே காற்று நின்றது. அக்டோபரில் எல்லா வருஷமும் நிற்கும், யாரும் அதைப் பேசவில்லை. மீனை வழியனுப்பியபின் வலையில் மீன் குறைந்தது. அப்போது சிலர் சிரித்தார்கள். பிறகு படகுக்குப் பாடினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஒரு படகும் கரையைவிட்டு நகரவில்லை. தண்ணீர் ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது, எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

நேற்று ஊர்த்தலைவர் கூப்பிட்டனுப்பினார். மீன்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் நம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்கள். தலைவர் கோபமாகப் பேசவில்லை.

"டீச்சர், காத்துக்குப் பாடினே, காத்து நின்னுச்சு. மீனுக்குப் பாடினே, மீன் போச்சு. படகுக்குப் பாடினே, படகெல்லாம் சேத்துல கெடக்கு. உன்னைக் குத்தம் சொல்லல, கேக்குறேன். அடுத்தது எதுக்குப் பாடப் போறே?"

மழைக்கு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல, அது திட்டத்தில் இருக்கிறதே. 

நீ ஒரே ஒரு நாள் வா. அலுவலகச் சட்டை போட்டுக்கொண்டு வா. ஏரி தானாக வற்றுகிறது, இதற்கு முன்னும் வற்றியிருக்கிறது என்று உன் வாயால் சொல். தலைவரே சின்ன வயதில் அதைப் பார்த்தவர்தான். ஆனால் நான் சொன்னால் தப்பித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள்.

மீன் வண்டி இனி வாரத்துக்கு ஒரு தடவைதான். சீக்கிரம் பதில் எழுது.

எனிஃபா

⁂

சோம்பா
ஜனவரி 6

அக்கா,

நீ நலம் என்றால் நானும் நலம். கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. அலுவலக மோட்டார் சைக்கிள் பழுது. அது சரியானபோது பெட்ரோல் இல்லை. பெட்ரோல் வந்தபோது என்னை வேறு ஆற்றுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் நேரில் வந்து என்ன ஆகப் போகிறது? உண்மை காகிதத்தில் இருக்கிறது. இதோடு ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். நானே போட்டது. மாதவாரியாக நீர்மட்டம். பழைய வறட்சியையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். இரண்டு கோடும் ஒன்றேபோல் இறங்குகிறது, சின்னப்பிள்ளைக்கும் புரியும். தலைவரிடம் காட்டு. பாட்டுப் பாடினால் ஏரி வற்றும் என்றால் எங்கள் அலுவலகத்தை மூடிவிட்டு ஒரு பாடகர் குழுவை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்.

மச்சான் எங்கே? இதையெல்லாம் அவர் அல்லவா பேசி முடிக்க வேண்டும்?

லிம்பிகானி

⁂

லிசூங்கா கரை
பிப்ரவரி 20

அன்புள்ள தம்பி,

நீ நலமா? மீன் வண்டி நின்றுவிட்டது. உன் கடிதம் யார் யார் கையிலோ சுற்றி இந்த மாதம்தான் வந்து சேர்ந்தது. இதைச் சைக்கிளில் போகிறவரிடம் கொடுக்கிறேன்.

வரைபடத்தைக் காட்டினேன். தலைவர் வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும், அதை நீயும் மறந்தாய் நானும் மறந்தேன். கீழே நீ மாதங்களின் பெயரை எழுதியிருக்கிறாய். செப்டம்பர் புள்ளிமேல் விரலை வைத்தார்.

"இது உன் தம்பிக்கு அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"உனக்கு?"

நான் பொய் சொல்லவில்லை.

"தெரிஞ்சுகிட்டுத்தான் மீனை முன்னாடி எடுத்தியா, படகை முன்னாடி எடுத்தியா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வித்தாவது இருப்போமே அந்தப் படகுகளை. இப்ப அது வெறகு."

தம்பி, பாடி வற்றவைத்த குற்றத்திலிருந்து தப்பிக்கப் போய் நிஜமான குற்றத்தில் மாட்டிக்கொண்டேன். கூடியிருந்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. முன்னாலேயே தெரிந்தவள்தான் செய்தவள் என்று ஆயிற்று.

தலைவர் ஒரு தீர்ப்புச் சொல்லி எழுந்தார். மழை மாதத்தை நான் நடத்த வேண்டும், நன்றாக நடத்த வேண்டும், ஆனால் முடிக்கக் கூடாது. மழையை வழியனுப்பக் கூடாது. ஜனவரியில் பயந்து நானே முடிக்காமல் விட்ட டிசம்பர் மழை அதனால் இன்னும் நடக்கிறது. சோளத்துக்கும் உடம்புக்கும் வகுப்பில் இடமில்லை. சுவரில் ஒட்டிய காகிதத் துளிகள் வெளுத்துவிட்டன, கழற்ற முடியாது. வெளியே இரண்டு தூறல் விழுந்ததோடு சரி, சோளம் முழங்கால் உயரத்தில் கருகிவிட்டது. உள்ளே தினமும் மழைப் பாட்டு. ஒரு பையன் காதைப் பொத்திக்கொள்கிறான். இடிச் சத்தம் போதும் என்கிறான்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வாசலில் தடுக்கிவிட்டது. கூரையில் ஒரு பக்கம் மாற்ற வேண்டும், புல் கிடைக்கவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

எனிஃபா

⁂

சோம்பா
மார்ச் 5

அக்கா,

வாசலில் தடுக்கினால் வலது கை போகுமா? அந்தக் கூரை போன வருஷம் வேய்ந்தது, நான்தான் ஏணி பிடித்தேன். ஏன் ஒரு பக்கம் மட்டும் மாற்ற வேண்டும்? யார் என்று எழுது.

எழுதாவிட்டாலும் கிளம்பி இங்கே வா. என் அறை சின்னது, இரண்டு பேருக்குப் போதும். வகுப்பில் இப்போது எத்தனை பிள்ளைகள்? பாட்டு, காகிதத் துளி எல்லாம் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சொல். மே மாதம் இருபது பேர் இருக்க மாட்டார்கள், அது எனக்கு இப்போதே தெரியும். தோற்கிற வேலையில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?

மச்சானைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

லிம்பிகானி

⁂

லிசூங்கா கரை
ஏப்ரல் 27

அன்புள்ள தம்பி,

உன் கோபம் கடிதத்தில் சுடுகிறது. சாப்பிட்டாயா?

எண்ணிக்கை கேட்டாய். ஒன்பது. அடுத்த வாரம் குறையும். வாரா வாரம் லாரி வருகிறது. முலாஞ்சே பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், குடும்பத்தோடு ஏறிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் போகும்போது நான் கிட்டே போகக் கூடாது. தாய்மார்களே வந்து சொல்லிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "டீச்சர், எம்புள்ளைக்கு மட்டும் போய் வான்னு சொல்லிடாதீங்க. நாங்க திரும்பி வரணும்." நான் சரி என்றேன். லாரிச் சத்தம் கேட்டால் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். காதைப் பொத்துவானே, அந்தப் பையன் போன புதன்கிழமை போனான். லாரி மேலிருந்து டீச்சர் டீச்சர் என்று கத்தினான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

கோபப்படாமல் படி. நான் படித்தவள், பயிற்சி பெற்றவள். ஆனால் டிசம்பரில் ஜைலோசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது நான் வாசலில் நின்று, போய் வாங்க என்றேன். எல்லாப் பெண்களும் சொல்வதுதான். வடக்கே இருந்து திரும்பி வந்தவர்கள் அவர் அங்கே வேறொரு வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள். இப்போது ராத்திரியில் நானும் எண்ணிப் பார்க்கிறேன்: காற்று, மீன், படகு. நாலாவதாக அவரையும்.

கை பரவாயில்லை. யார் என்று கேட்காதே, அவர்கள் பிள்ளை இன்னும் வகுப்புக்கு வருகிறது.

நான் இப்போது வர முடியாது. மே மாதம் அலுவலர் வரும்போது வகுப்பு பூட்டிக் கிடந்தால் மாவை நானே நிறுத்தியதாக ஆகும்.

எனிஃபா

⁂

சோம்பா
மே 10

அக்கா,

நான் நலம். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, தெரிகிறது.

மாவட்ட அலுவலரை நேரில் பார்த்துப் பேசினேன். பிள்ளைகள் குறைந்தது வறட்சியால், டீச்சரால் அல்ல என்று சொன்னேன். அவர் இருபது என்றார். வறட்சியில்தான் மாவு அதிகம் தேவை என்றேன். இருபது என்றார். அவர் மேஜையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன், அதனால் ஒன்றும் நடக்காது.

மச்சானைப் பற்றி எழுதியதைப் படித்தேன். ஆள் ஓடிப்போனதற்கும் நீ வாசலில் சொன்னதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது பார்.

வருகிற சனிக்கிழமை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மூட்டை கட்டி வை.

லிம்பிகானி

⁂

லிசூங்கா கரை
ஜூன் 30

அன்புள்ள தம்பி,

நீ நலமாக இரு. நீ சொன்ன சனிக்கிழமை நீ படுக்கப் பாயை வெயிலில் போட்டு வைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் போட்டேன். மோட்டார் சைக்கிள் பழுதாகியிருக்கும்.

அலுவலர் வந்தார். மிச்சம் நாலே பிள்ளைகள், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். ஃபலேசியும் இருக்கிறாள். பாவம் மனுஷன், நாலு பேரை இரண்டு தடவை எண்ணினார். மாவு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் தலைவர் வந்தார். அவர் பேரப்பிள்ளைகளும் லாரி ஏறிவிட்டார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், உன் வருஷத்துல இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கில்ல?"

"ஜூன் இருக்கு, ஐயா."

"பசியை எடுத்து நடத்தேன். மாசம் முழுக்க நடத்து. அப்புறம் அதுக்கும் பாடிடு."

நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழையை என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். அது பாட்டுக்குச் சுவரிலேயே இருக்கட்டும் என்றார்.

நடத்தினேன், தம்பி. ஒழுங்காக நடத்தினேன். எந்த மாதத்துக்கும் இவ்வளவு சுலபமாகப் பொருள் கிடைத்ததில்லை. காலிக் கிண்ணங்களை வைத்து எண்ணினோம். ஏரிக் களிமண்ணில் களி உருண்டை பிடித்தோம், ஃபலேசி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள், விரலை விட்டு எடுத்தேன். வயிறு எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டேன், நாலு பேரும் நாலு விதமாகச் செய்து காட்டினார்கள்.

நேற்று வழியனுப்பு. ஊரில் மிஞ்சியிருந்த எல்லோரும் வந்தார்கள். என் கூரைக்குத் தீ வைத்தவரும் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த காலிக் கிண்ணப் படங்களைக் கூடையில் போட்டு, ஏரிக்குள் நடந்தோம். வெடித்த தரைதான், தண்ணீர் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. தலைவர் போதும் என்ற இடத்தில் நின்றோம். நான் பாட ஆரம்பித்தேன், பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்த வருஷம் அவர்கள் ஒருமுறைகூடப் பாடியதில்லை. "போய் வா பசியே" என்று ஒருவர் பாட, பக்கத்தில் இருந்த பெண், "போன்னு மட்டும் சொல்லுங்க, வான்னு ஏன் சொல்றீங்க" என்று அதட்டினாள். எல்லோரும் மாற்றிப் பாடினார்கள். நானும் பாடினேன். பாடம் நடத்துவதற்காகப் பாடவில்லை. அது போக வேண்டும் என்று பாடினேன்.

இன்று காலை ஃபலேசிதான் முதலில் வந்தாள். அது போய்விட்டதா என்று நானே அவளிடம் கேட்டேன். வயிற்றின்மேல் கையை வைத்து யோசித்தாள்.

"இல்ல டீச்சர். இங்கதான் இருக்கு."

மத்தியானம் தலைவர் அந்தப் பக்கமாக வந்தார். பிள்ளைகளைப் பார்த்தார், பசி போயிற்றா என்று கேட்கவில்லை. என் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், தம்பி நலமா என்று விசாரித்தார். பழைய நாள்களில் விசாரிக்கிற மாதிரியே. கிணற்றடியில் பெண்கள் எனக்குப் பக்கத்தில் குடத்தை வைக்கிறார்கள். யாருக்கும் என்மேல் பயமில்லை. என் பாட்டால் எதையும் போகவைக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வருஷம் முடிந்தது. நாளைக்குத் திட்டம் எதுவும் இல்லை, ஊற்றக் கஞ்சியும் இல்லை. பிள்ளைகளிடம் நாளை வர வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உன் அக்கா,
எனிஃபா